கிளாரிஸுக்கு நேர்ந்த கதி

நரமாமிசம் புசிக்கும் டாக்டர் ஹானிபல் லெக்டரின் சிறைக்கூண்டுக்கு எதிரே அமர்ந்து, தன் பால்யத் துயரங்களையே விலையாகக் கொடுத்துக் கொலைகாரன் ஒருவனைப் பற்றிய துப்புகளைப் பெற்ற கிளாரிஸ் ஸ்டார்லிங்கை, தாமஸ் ஹாரிஸ் 1988-இல் எழுதிய ‘தி சைலன்ஸ் ஆஃப் தி லாம்ப்ஸ்’ நாவலில் கண்டு சொந்தச் சகோதரியைப் போல் நேசித்த வாசகர்கள், 11 ஆண்டுகள் காத்திருந்து ‘ஹானிபல்’ நாவலைப் படித்தபோது, அதன் முடிவைக் கண்டு கொதித்துப்போனதில் வியப்பொன்றும் இல்லை. லெக்டர் செலுத்திய மருந்துகளாலும் அவனுடைய வார்த்தை ஜாலத்தாலும் சித்தம் மாறிய அவள், தன்னை வதைத்த அதிகாரி கிரெண்ட்லர் உயிரோடு வீற்றிருக்கையிலேயே அவனுடைய மூளையை விருந்தாக உண்கிறாள். பிறகு பியூனஸ் அயர்ஸில் லெக்டரின் துணைவியாக வாழ்கிறாள்.

கோரத்தைச் சகியாத கோழை நெஞ்சினர் என்று அவ்வாசகர்களைப் பழிப்பது அநியாயம். பெண்களின் தோலை உரிக்கும் பாதகனின் கதையை முந்தைய நாவலில் இமைகொட்டாமல் படித்தவர்கள் அல்லவா அவர்கள்? பால்யத்தில் ஆட்டுக்குட்டிகளின் அலறலைக் கேட்டு உறக்கமிழந்த கிளாரிஸின் மனச்சாட்சி அணைக்கப்பட்டதே அவர்களை வருத்தியது. பாத்திரத்தின்மேல் ஆசிரியருக்குள்ள பாத்தியதையை நான் மறுக்கவில்லை. ஆயினும் அத்தகைய வீழ்ச்சிக்கு வேண்டிய காரணங்களை ஹாரிஸ் பொறுமையாக வளர்த்திருக்க வேண்டும், மருந்தின்மேல் பாரத்தைப் போட்டிருக்கக் கூடாது. முந்தைய நாவலின் திரைப்படத்தில் கிளாரிஸாக நடித்து ஆஸ்கர் பரிசு பெற்ற ஜோடி ஃபாஸ்டர், ‘ஹானிபல்’ படமானபோது அதில் நடிக்க மறுத்துவிட்டார். 2001-இல் ரிட்லி ஸ்காட் எடுத்த அப்படத்திலோ, ஜூலியன் மூர் ஏற்ற கிளாரிஸ், தன் கையோடு லெக்டரின் கையையும் சேர்த்து விலங்கிடுகிறாள்.