விசாரிக்காமல் கொடுத்தார்களாம்!

"பெண் வீட்டார் நாலு இடத்தில் விசாரித்திருந்தால் இந்த வம்பு வந்திருக்குமா?" ஏற்கெனவே மணமான ஒருவன் அதை மறைத்து இன்னொருத்திக்குத் தாலி கட்டிய செய்தி வரும்போதெல்லாம் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கம் தவறாமல் கேட்கும் கேள்வி இது. கல்யாண மண்டபத்தில் வாழ்த்துரை வழங்க வரும் பெரிய மனிதர்கள்கூட மைக்கைப் பிடித்ததும் இதையே அறிவுரையாக அவிழ்த்துவிடுகிறார்கள். மேடையில் இருப்பது வேறு யாருடைய கல்யாணமோ என்ற கூச்சமும் கிடையாது.

எங்கே போய் விசாரிப்பது? 1961இல் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலையும் 1964இல் அம்பத்தூர் தொழிற்பேட்டையும் வந்ததிலிருந்து எல்லா மாவட்டத்து ஆட்களும் இங்கே பிழைக்க வந்துகொண்டிருக்கிறார்கள். வாடகை ஒழுங்காக வருகிறதா என்பது வீட்டு ஓனருக்குத் தெரியும். ஓவர்டைம் எத்தனை மணி நேரம் என்பது சூப்பர்வைசருக்குத் தெரியும். ஊரில் ஒரு மனைவியும் பிள்ளைகளும் இருப்பது இருவருக்கும் தெரியாது. கேட்டால் "தங்கமான பையன்" என்பார்கள். அவர்கள் அறிந்தவரை அது பொய்யுமில்லை.

ஆதார் இருக்கிறதே என்பார்கள். அந்த அட்டையில் மணமானவரா என்ற கட்டமே இல்லை.

தமிழ்நாட்டின் 2009ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம் கல்யாணத்தை 90 நாளுக்குள் பதியச் சொல்கிறது. முதல் கல்யாணத்தைப் பதியாதவனை எந்தப் பதிவேடு காட்டிக்கொடுக்கும்?

"அது அந்த மதத்துக்காரர்களின் பழக்கம்" என்று குரலைத் தாழ்த்துபவர்களும் உண்டு. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வில், கணவருக்கு வேறு மனைவி உண்டு என்று சொன்ன பெண்கள் முஸ்லிம்களில் 1.9 சதவீதம், சட்டம் தடுத்திருக்கும் இந்துக்களில் 1.3.

எல்லாவற்றையும்விட ருசியானது, "சட்டம் பார்த்துக்கொள்ளும், ஏழு வருஷம் உள்ளே" என்ற வாதம். 1955 இந்து திருமணச் சட்டத்துக்கு முன்பே, 1949இல், சென்னை மாகாணம் இருதார மணத்தைத் தடை செய்தது. பெருமைதான். ஆனால் 1965இல் உச்ச நீதிமன்றம் ஒரு மகாராஷ்டிர வழக்கில், இரண்டாவது கல்யாணம் உரிய சடங்குகளோடு முறையாக நடந்திருந்தால்தான் அது குற்றம் என்று தீர்ப்பளித்தது. திருட்டுக் கல்யாணத்தை நாதஸ்வரம் வைத்து, வீடியோ எடுத்து, ஒரு சடங்கு குறையாமல் நடத்துகிறவன் யார்? கணவனின் அடுத்த கல்யாணம் குறைவில்லாமல் நடந்தது என்று முதல் மனைவி சாட்சி தேடி அலைய வேண்டும்!

தொலைவில் போக வேண்டாம், ஆவடியில் ரயிலேறினால் திருத்தணி. 1970இல் மணமான ஒருவர் 1984 ஜூனில் அங்கே தேவஸ்தானத்தில் இன்னொரு பெண்ணை மணந்தார். முதல் மனைவி வழக்குப் போட்டார். சப்தபதி, அக்கினியைச் சுற்றி வைக்கும் ஏழடி, நடந்ததாக நிரூபிக்கவில்லை என்று விசாரணை நீதிமன்றம் கணவரை விடுதலை செய்தது. அண்ணா ஆட்சி சுயமரியாதைத் திருமணத்துக்காக 1967இல் இந்து திருமணச் சட்டத்தில் கொண்டுவந்த 7ஏ பிரிவின்படி தாலி கட்டினாலே போதும், ஏழடி தேவையில்லை என்று உச்ச நீதிமன்றம் முடிவு சொன்னபோது ஆண்டு 2001. பதினேழு வருஷம்! இதில் விசாரிப்பில் கோட்டை விட்டது யார்?

மகளிர் காவல் நிலையத்துக்குப் போனாலும், இது பிடியாணை இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றமல்ல என்பதால் "கோர்ட்டுக்குப் போங்கம்மா" என்ற பதில்தான் கிடைக்கும். ஆந்திரம் 1992இலேயே இதை மாற்றிக்கொண்டது.

தண்டனையைக் கூட்டினால் அடங்கும் என்போர் இங்கிலாந்தைப் பார்க்கலாம். 1604இல் அங்கே இருதார மணம் மரண தண்டனைக்குரிய குற்றமாயிற்று. ஆனாலும் லண்டன் ஃப்ளீட் சிறைச்சாலையைச் சுற்றிக் காசு வாங்கிக்கொண்டு ரகசியக் கல்யாணம் செய்துவைக்கும் பாதிரியார்கள் கொழித்தார்கள். அந்தக் கடையை மூடியது தூக்குக்கயிறு அல்ல. முன்னறிவிப்பும் சாட்சிகள் கையெழுத்திடும் பதிவேடும் வேண்டும் என்று 1754இல் நடைமுறைக்கு வந்த சட்டம்தான்.

இங்கே கொஞ்சமாவது பயம் இருப்பது அரசு ஊழியர்களுக்குத்தான். மனைவி உயிரோடிருக்க இன்னொரு மணம் கூடாது என்று மத்திய அரசின் 1964 நடத்தை விதிகளும் மாநில அரசின் 1973 விதிகளும் சொல்கின்றன. மீறினால் வேலைக்கே உலை. அதே ஆவடியில் தனியார் பட்டறையில் கான்ட்ராக்டில் இருப்பவருக்கு அந்த விதி எதுவும் பொருந்தாது.