எல்லாக் கட்டியும் பரவிய புற்றுநோயல்ல



மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்ற ஒரு பெண்ணின் தலையில் கட்டி இருப்பதாக ஸ்கான் அறிக்கை வந்தால், வீட்டில் என்ன நடக்கிறது? "பரவிவிட்டது, இனி ஒன்றும் செய்யேலாது" என்று வைத்தியர் சொல்லுமுன் குடும்பமே தீர்ப்பளித்துவிடுகிறது.

பயத்தில் நியாயம் உண்டு. மார்பகம், நுரையீரல், சிறுநீரகம் போன்ற இடங்களில் தோன்றும் புற்றுநோய் மூளைக்குப் பரவக்கூடியது. ஆனால், புற்றுநோய் கண்டவருக்கு வேறு கட்டிகளும் வரலாம். மூளையைச் சுற்றியுள்ள உறையில் வளரும் மெனிஞ்சியோமா அவற்றில் ஒன்று. ஆண்களைவிடப் பெண்களுக்கே இது அதிகம். பெரும்பாலானவை மெதுவாக வளர்பவை. வேறு உறுப்புகளுக்குப் பரவாதவை.

எம்.ஆர்.ஐ. ஸ்கானில் இரண்டையும் பிரித்தறியச் சில அடையாளங்கள் உள்ளன. மெனிஞ்சியோமா உறையோடு ஒட்டி, அகன்ற அடியுடன் தெரியும். சிலவேளை அதற்குள் சுண்ணாம்புப் படிவும் இருக்கும். பரவிய கட்டிகள் பெரும்பாலும் மூளையின் உள்ளே இருக்கும். ஒன்றுக்கு மேற்பட்டும், சுற்றிலும் வீக்கத்துடனும் காணப்படலாம். எனினும் மார்பகப் புற்றுநோய் உறையிலும் பரவி, மெனிஞ்சியோமாவைப் போலவே தோற்றமளிப்பதுண்டு. அதனால் சிலருக்கு மூன்று மாதத்தில் மறு ஸ்கானும், சிலருக்குத் திசுப் பரிசோதனையும் தேவைப்படும்.

1990இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், மூளையில் ஒற்றைக் கட்டியுடன் வந்த 54 புற்றுநோயாளிகளுக்கும் நோய் பரவியிருப்பதாகவே கருதப்பட்டது. திசுவைப் பரிசோதித்தபோது 6 பேருக்கு இருந்தது வேறு நோய். சிலருக்கு வெறும் தொற்று அல்லது அழற்சி.

நான் சந்தித்த ஒரு தாயின் வீட்டில், கிளினிக் கொப்பி அலுமாரிக்குள் போய்விட்டது. நகைகள் யாருக்கென்ற பேச்சும் தொடங்கியிருந்தது. அவரிடம் மட்டும் யாரும் எதுவும் சொல்லவில்லை. பிள்ளைகளுடன் பலதடவை பேசிய பின்னரே, பழைய படங்களுடன் நரம்பியல் சத்திரசிகிச்சை நிபுணரிடம் போனார்கள். மெனிஞ்சியோமாவாக இருக்கலாம் என்றார் அவர். மூன்று மாதத்தின் பின் எடுத்த ஸ்கானில் கட்டி வளர்ந்திருக்கவில்லை. "என்ர தலையில இருக்கிறதை எனக்கேன் முதலே சொல்லேல்லை?" என்று அந்தத் தாய் கேட்டபோது பிள்ளைகளிடம் பதில் இருக்கவில்லை.

எல்லோருக்கும் முடிவு இப்படி அமையாது. பரவியிருந்தாலும் கதிர்ச் சிகிச்சை, சத்திரசிகிச்சை, மருந்துகள் உண்டு. ஆகவே பழைய ஸ்கான் படங்கள் அனைத்தையும் பத்திரப்படுத்துங்கள். "இது வேறு கட்டியாக இருக்கலாமா? உறுதிப்படுத்த அடுத்து என்ன செய்யவேண்டும்?" என்று வைத்தியரிடம் கேளுங்கள். விடாத தலையிடி, வாந்தி, வலிப்பு, கை கால் சோர்வு, பார்வை மங்கல் ஏற்பட்டால் கிளினிக் நாள்வரை காத்திராமல் உடனே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள்.

நோயாளியைப் புறத்தே வைத்துவிட்டு அவரது நோயைப் பற்றி முடிவெடுக்காதீர்கள், சகோதரிகளே.