பகலில் தேடிய திருடன்

தில்லியில் அக்டோபர் பிறந்ததும் தொட்டி மண்ணைக் கிளறத் தோன்றிவிடும். துவாரகாவில் நான்காவது மாடியில் எனக்கு வாய்த்திருப்பது பத்தடிக்கு நான்கடி பால்கனி. சென்ற ஆண்டு அதில் 18 தக்காளி நாற்று நட்டேன். மறுநாள் காலை 13 இருந்தன. அதற்கடுத்த நாள் 9.

குற்றவாளி யாரென்று நான் யோசிக்கவே இல்லை. இங்கே எது கெட்டாலும் புறாவின் தலையில் போடுவது வழக்கம். பப்பன்கலான் என்று முன்பு அறியப்பட்ட இந்தப் பகுதியில் கூட்டுறவுச் சங்கங்களின் அடுக்குமாடிகள் எழுந்தபோது, பாறை இடுக்கில் வாழும் இனமான மாடப்புறாவுக்குப் பால்கனி விளிம்பும் ஏசி பெட்டியும் பாறைகளாகிவிட்டன. மொட்டைமாடியில் ஒருவர் புண்ணியத்துக்குக் கம்பு இறைப்பார். அவர் கீழ்வீட்டுக்காரர் அதே புறாவுக்குப் பயந்து ஆள் வைத்து வலை அடிப்பார்.

நான் ஆள் கூப்பிடவில்லை. மெல்லிய நைலான் வலை ஒன்று வாங்கித் தொட்டிகளின் மேல் போர்த்தி, நான்கு மூலையிலும் சணலால் கட்டினேன். தொளதொளவென்று தொங்கியது. பரவாயில்லை என்று வேலைக்குப் போய்விட்டேன்.

மூன்றாம் நாள் மாலை வலையில் ஒரு கொண்டைக்குருவி சிக்கியிருந்தது. புல்புல் என்றால் வடக்கில் எல்லோருக்கும் தெரியும். காலில் இழை இறுகி, உதறியதில் இறக்கையையும் சுற்றிக்கொண்டிருந்தது. நகம் வெட்டும் கத்தரியால் ஒவ்வோர் இழையாக அறுத்தேன். செருப்புப் பெட்டியில் துணி விரித்து வைத்தேன். ஒரு மணி நேரம் கழித்துத் திறந்தபோது உயிர் இல்லை.

நாற்றுகளை அப்போதுதான் எண்ணினேன். ஏழு. வலை போட்ட பிறகும் இரண்டு போயிருந்தன.

விழுந்து கிடந்த ஒன்றைத் தரைத்தளத்து மாதாஜியிடம் காட்டினேன். ஹரியானா கிராமத்தில் பயிர் பார்த்து வளர்ந்தவர். இலைகள் அப்படியே இருக்க, தண்டு மட்டும் மண்மட்டத்தில் கத்தரித்தாற்போல் அறுந்திருந்தது. "ராத்திரித் திருடனைப் பகலில் தேடினால் கிடைப்பானா, பேட்டா?" என்றார். அன்றிரவு டார்ச்சோடு போய், தண்டைச் சுற்றி மண்ணைக் கீறினேன். சாம்பல் பழுப்பில் கொழுத்த புழு. தொட்டதும் வளையமாகச் சுருண்டது. வெட்டுப்புழு. பகலெல்லாம் மண்ணுக்குள் படுத்திருந்து இரவில் எழுந்துவரும் ஜீவன். நான்கு கிடைத்தன. கொண்டைக்குருவி பழத்தோடு பூச்சி, புழுவும் தின்னும் பறவை என்பது அப்போது நினைவுக்கு வந்து தொலைத்தது.

புறா உத்தமன் என்று நான் வாதாட வரவில்லை. ஆனால் ஒவ்வொரு திருடனும் ஒரு தடயம் விட்டுப் போகிறான். பறவை என்றால் இலை கிழிந்திருக்கும், அல்லது நாற்று வேரோடு பிடுங்கிக் கிடக்கும். அணில் குழி தோண்டும். நத்தை மினுமினுக்கும் கோடு போட்டுச் செல்லும். தண்டின் அடி சுருங்கி, கறுத்து, நாற்று சாய்ந்திருந்தால் அது அழுகல் நோய். அதற்குக் காரணம் பெரும்பாலும் நாமே ஊற்றிய அதிகத் தண்ணீர்.

ஆள் மாறித் தண்டித்ததை ஒரு தேசமே செய்திருக்கிறது. 1958இல் சீனாவில் எலி, ஈ, கொசுவோடு சிட்டுக்குருவியையும் ஒழிக்க இயக்கம் நடந்தது. தானியத்தைத் தின்கிறது என்பது குற்றச்சாட்டு. ஜனங்கள் தட்டும் தாம்பாளமும் அடித்து, உட்கார விடாமல் விரட்டியதில் குருவிகள் களைத்து விழுந்து செத்தன. குருவி போனதும் பயிர்ப்பூச்சிகள் பெருகின. 1960இல் குருவியின் பெயரை எடுத்துவிட்டு மூட்டைப்பூச்சியைச் சேர்த்தார்கள். அப்போதைய பஞ்சத்துக்கு வேறு பல காரணங்களும் உண்டு, இதுவும் ஒன்று.

சத்தம் போட்டு விரட்டுவது நமக்கும் பழைய கலைதான். குறிஞ்சிப்பாட்டில் தினைப்புனம் காக்கும் பெண்கள் பரண் மேலிருந்து தழல், தட்டை, குளிர் என்ற கருவிகளால் கிளியோட்டுகிறார்கள். தட்டை என்பது பிளந்த மூங்கில். பறவையைப் பறக்கச் செய்தால் போதும், அவர்கள் வேலை முடிந்தது. (ஆரிய அரசன் பிரகத்தனுக்குத் தமிழ் அறிவிக்கக் கபிலர் பாடியது என்பார்கள். தில்லியில் மொழிபெயர்த்துப் பிழைக்கும் எனக்கு இதில் தனிப் பாசம்.) 2020 ஜூன் 27 அன்று எங்கள் பக்கத்து ஊரான குருகிராமத்தின் மேல் வெட்டுக்கிளிக் கூட்டம் பறந்தபோது, தில்லி அரசும் பறை, பாத்திரம் தட்டச் சொன்னது, செடிகளை மூடிவைக்கவும் சொன்னது.

காலை ஒன்பதுக்கு மெட்ரோ பிடிப்பவர் தட்டையோடு பால்கனியில் உட்கார முடியாது. ஆகவே வலை வேண்டும். ஆனால் எப்படிப்பட்ட வலை? ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் 2021 செப்டம்பர் முதல், வீட்டுப் பழமரங்களுக்குப் போடும் வலையின் கண் இழுத்துப் பிடித்தாலும் 5 மில்லிமீட்டருக்கு 5 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது என்பது சட்டம். கண்ணில் விரல் நுழைந்தால் அந்த வலை ஆகாது. நான் இப்போது பழைய கொசுவலையைப் பயன்படுத்துகிறேன். கம்பியை வில்லாக வளைத்துத் தொட்டியில் ஊன்றி, வலையை அதன் மேல் விறைப்பாக இழுத்து, ஓரங்களைச் செங்கல்லால் அழுத்திவிட வேண்டும். தொங்கினால் கால் சிக்கும். இது முட்டையிட வரும் அந்துப்பூச்சியையும் தடுக்கும். ஆனால் மண்ணை முதலில் கிளறிப் பார்க்காவிட்டால் திருடனை உள்ளே வைத்துப் பூட்டியதாகும். ஐந்தாறு இலை விட்டுத் தண்டு தடித்ததும் எடுத்துவிடலாம்.

வெட்டுப்புழுவுக்கு மாதாஜி சொன்ன மருந்து காகிதம். கெட்டிக் காகிதத்தைக் குழலாகச் சுருட்டி, ஓர் அங்குலம் மண்ணுக்குள்ளும் இரண்டு அங்குலம் வெளியேயும் இருக்கும்படி தண்டைச் சுற்றி நிறுத்த வேண்டும். என் வீட்டில் பழைய வார இதழ் அட்டைகளுக்குப் பஞ்சமில்லை. மிஞ்சிய ஏழு நாற்றும் அமைச்சர்களையும் நடிகைகளையும் இடுப்பில் கட்டிக்கொண்டு பிழைத்தன.

இந்த அக்டோபரில் 12 நாற்று வைத்திருக்கிறோம். வலையைத் தூக்கி டார்ச் அடித்துப் பார்க்க இன்றைய முறை என் மகளுடையது. அவள் முதலில் வலையைப் பார்க்கிறாள், பிறகுதான் நாற்றை.