கழுதைக்கும் கன்று உண்டு

தமிழில் ஒருவரைத் திட்ட வேண்டுமென்றால் முதலில் நாவில் வருவது கழுதைதான். பிள்ளையை அதட்டும் தாயும் மாணவனைக் கடியும் ஆசிரியரும் அந்தப் பிராணியின் பெயரைத்தான் எடுக்கிறார்கள். பழமொழிகளிலும் அதற்கு நல்ல பெயரில்லை. கற்பூர வாசனை அறியாததும் அதுவே. கெட்டால் குட்டிச்சுவரைத் தேடுவதும் அதுவே. ஏச்சுக்கென்றே ஒதுக்கிவைத்த விலங்கின் தாய்மையைப் பற்றி எழுதப் புகுந்தால் சிலர் நகைக்கக்கூடும். நகைப்பவர்கள் நகைக்கட்டும். சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன்.

மன்னார்த் தீவுக்குப் போனவர்களுக்கு அங்குள்ள கழுதைகளை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. பெருநிலப்பரப்பிலிருந்து தாம்போதியைக் கடந்து நகருக்குள் நுழைந்தால், கடைத்தெருவிலும் வீதியோரங்களிலும் அவை கூட்டமாக நிற்பதைக் காணலாம். பள்ளிமுனையில் நிற்கும் பெருக்கமரத்தைப் போலவே இவற்றையும் அராபிய வணிகர்கள் கொண்டுவந்தார்கள் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. பொதி சுமந்த காலம் ஒன்று இருந்தது. லொறியும் உழவு இயந்திரமும் வந்த பிறகு சுமைக்கு வேலையில்லாமற் போயிற்று. இன்று தெருவில் திரிபவை அந்தச் சுமைக் கழுதைகளின் சந்ததி. கற்பிட்டி, புத்தளம் பக்கங்களிலும் இவற்றின் உறவினரைக் காணலாம்.

2010ஆம் ஆண்டில் தாம்போதியில் புதிய பாலம் திறக்கப்பட்டது. போருக்குப் பின் வீதிகள் சீராயின. அது நல்லதே. ஆனால் வீதி சீரானால் வேகமும் கூடும். இருட்டில் வீதியிலே நிற்கும் சாம்பல் நிற விலங்கு, வேகமாக வருகிறவரின் கண்ணுக்குக் கடைசி நொடியில்தான் தெரியும். தாய் தப்பினாலும், கால் ஊன்றக் கற்றுக்கொண்டிருக்கும் குட்டி தப்புவதில்லை. ஏறத்தாழப் பன்னிரண்டு மாதங்கள் சுமந்து, பெரும்பாலும் ஒரே ஒரு குட்டியை ஈனும் பிராணி அது.

இத்தகைய விபத்தில் மோட்டார்ச் சைக்கிளில் வந்தவருக்குக் காயம் ஏற்பட்டால் நான்கு வரிச் செய்தி வரும். குட்டி மட்டும் இறந்தால் செய்தி இல்லை. தாய் என்ன ஆயிற்று என்ற கேள்வி எந்தப் பத்திரிகை அலுவலகத்திலும் எழுந்து நான் கேட்டதில்லை. இறந்த குட்டியை இழுத்துச் சென்று அப்புறப்படுத்துவதும், பின்னாலேயே வரும் தாயைக் கல்லெறிந்தோ கையோங்கியோ விரட்டுவதுமே வழக்கம். இந்த வழக்கம் மாற வேண்டும் என்பதுதான் என் வேண்டுகோள். இதை இரக்கத்தின் பேரில் மட்டும் சொல்லவில்லை. இதற்கு மருத்துவக் காரணமும் இருக்கிறது.

கழுதைகள் தமக்குள் மிக நெருங்கிய பிணைப்புடையவை. துணையை இழந்த கழுதை தீனியை மறுக்கும். மாடு ஒருநாள் தின்னாவிட்டால் மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று நாம் இருந்துவிடுவதுண்டு. கழுதையின் உடல் அப்படி அன்று. தீனி நின்றதும் அது தன் உடலில் சேமித்த கொழுப்பைக் கரைத்து இரத்தத்தில் கலக்கிறது. அந்தக் கொழுப்பு அளவுக்கு மிஞ்சினால் ஈரலும் சிறுநீரகமும் பழுதாகும். சில நாட்களில் உயிரும் போகலாம். ஹைப்பர்லிபீமியா என்று கால்நடை வைத்தியர்கள் அழைக்கும் இந்த நோய், சினையாக உள்ள கழுதைகளையும் பால் கொடுக்கும் கழுதைகளையும் எளிதில் பற்றும். ஆகவே, குட்டியை இழந்த தாய் பலவகையிலும் ஆபத்தில் நிற்கிறது. கழுதை வலியை வெளியே காட்டாத பிராணி. சில வேளைகளில் தின்பதுபோல வாயை அசைத்துக்கொண்டு, உண்மையில் எதுவும் விழுங்காமலே நிற்கும். பார்த்தவர்கள் ஒன்றுமில்லை என்று போய்விடுவார்கள்.

செய்ய வேண்டியவை கடினமானவை அல்ல. குட்டியின் உடலை வீதியிலிருந்து ஓரமாக, தாயின் கண்பார்வையிலேயே நகர்த்தி வையுங்கள். அது முகர்ந்து பார்க்கட்டும், சுற்றி நிற்கட்டும். சில மணி நேரத்திலோ ஒரு நாளிலோ தானாகவே விலகிச் செல்லும். அதன் பிறகு புதைக்கலாம். குட்டி நோயால் இறந்திருந்தால் மட்டும் கால்நடை வைத்தியரின் சொற்படி நடக்க வேண்டும். தாயைத் தனியே கட்டிவைக்காதீர்கள். அதன் கூட்டாளிக் கழுதை அருகிலேயே இருக்கட்டும். சிகிச்சைக்குக் கொண்டுபோனால் இரண்டையும் சேர்த்தே கொண்டுபோங்கள். நிழலும் நல்ல தண்ணீரும் புல்லும் கிடைக்கச் செய்யுங்கள். மடி கனத்திருக்கிறதே என்று பாலைக் கறந்துவிடக் கூடாது. கறக்கக் கறக்கப் பால் சுரந்துகொண்டே இருக்கும். விட்டுவிட்டால் தானாக வற்றும். மடி சூடாகி வீங்கி வலித்தாலோ, ஒரு நாள் முழுதும் தீனி இறங்காவிட்டாலோ தாமதிக்காமல் வைத்தியரை அழைக்க வேண்டும். குட்டி பிறக்கும்போதே இறந்திருந்தால், மூன்று மணி நேரத்துக்குள் நஞ்சுக்கொடி விழுந்ததா என்று பார்ப்பதும் அவசியம். குதிரைக்கும் இவை பொருந்தும்.

மன்னாரில் கழுதைகளுக்கென்று பிரிட்ஜிங் லங்கா என்ற தொண்டு நிறுவனம் ஒரு சிகிச்சை, கல்வி நிலையத்தை நிறுவியது. காயம்பட்ட கழுதைக்கும் வைத்தியம் உண்டு என்பதை ஊருக்குக் காட்டிய முயற்சி அது. ஆனால் விபத்து நடந்த முதல் ஒரு மணி நேரத்தில் அங்கே நிற்கப்போவது வைத்தியர் அல்லர். கடைக்காரர், முச்சக்கரவண்டி ஓட்டுநர், நகர சபையின் துப்புரவுத் தொழிலாளி ஆகியோரே. அவர்களுக்கு இந்தச் செய்தி தெரிந்திருக்க வேண்டும்.

மனிதரின் துயரமே ஆறாத மண்ணில் கழுதையின் துயரத்துக்கு என்ன அவசரம் என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. மன்னாரில் காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளின் படத்தைக் கையில் ஏந்தி நிற்கும் தாய்மார் இருக்கிறார்கள். அவர்களுடைய துயரத்தோடு எதையும் ஒப்பிட நான் துணியமாட்டேன். ஆனால் ஒன்று சொல்லலாம். உடலைக்கூடக் காணக் கிடைக்காமற் போவது என்னவென்று அந்த ஊருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. கண்ணெதிரே கிடக்கும் குட்டியிடமிருந்து தாயை விரட்டாதீர்கள் என்று வேறெங்கும் சொல்வதைவிட அங்கே சொல்வது எளிது என்றே நம்புகிறேன்.

தேர்க்காலில் கன்றைப் பறிகொடுத்த பசு ஆராய்ச்சி மணியை அடித்த கதையைத் திருவாரூர் மனுநீதிச் சோழனின் பெயரால் நாம் போற்றுகிறோம். அதே கதையை மகாவம்சம் அனுராதபுரத்தை ஆண்ட எல்லாளனைப் பற்றிச் சொல்கிறது. தமிழரும் சிங்களவரும் ஒருமித்துப் பாதுகாத்த கதை அது. பசுவுக்குத்தானே மணி, கழுதைக்கு எதற்கு என்பவர்கள் தொல்காப்பியத்தின் மரபியலைப் புரட்டிப் பார்க்கலாம். இளமைப் பெயர்களை வகுக்கும்போது யானை, குதிரை, கழுதை, கடமை, பசு ஆகிய ஐந்தின் இளமைக்கும் கன்று என்ற ஒரே பெயரை அது உரியதாக்குகிறது. யானைக்கும் பசுவுக்கும் நடுவே கழுதையை வைத்ததில் தொல்காப்பியருக்குக் கூச்சம் இருந்ததாகத் தெரியவில்லை.

மன்னாரின் கழுதைக்கு அடிக்க மணி இல்லை. அது கன்றின் அருகே அசையாமல் நிற்கும், அவ்வளவுதான். வாகனத்தை மெதுவாக ஓட்டுவது முதற்கடமை. அது தவறிய இடத்தில், அந்தத் தாயை அங்கே நிற்கவிடுவதும் அது தின்கிறதா என்று மறுநாள் ஒரு தரம் போய்ப் பார்ப்பதும் நம்மால் ஆகக்கூடியவை. காசு செலவில்லாத காரியங்கள்தாம்.