புதுக் கணினியும் பழைய உரிமமும்

மூணாறு, பீர்மேடு முதலிய மலைப்பகுதிகளில் மழைக்காலத்து ஈரமும், அதையொட்டி வரும் இடிமின்னலும் மின்சாதனங்களுக்குப் பெரும்பகையாகும். இவற்றால் கணினியின் தாய்ப்பலகை, அதாவது கடைவீதியில் ‘மதர்போர்டு’ என வழங்கும் பாகம், பழுதாகுமாயின் நட்டம் அதன் விலையோடு நிற்பதில்லை. பணம் கொடுத்துப் பெற்ற விண்டோஸ் இயங்குதளத்தின் உரிமமும் உடன் போய்விடக்கூடும். கோயமுத்தூரிலோ தேனியிலோ கணினி வாங்கிவந்து, கொழிஞ்சாம்பாறையிலோ குமுளியிலோ தட்டச்சுக்கடை நடத்தும் ஒருவருக்கு இது சிறிய இழப்பன்று.

இதன் காரணம் யாதெனில், கடைகளில் கிடைக்கும் உரிமங்கள் பெரும்பாலும் இருவகைப்பட்டவை. கணினியைத் தயாரிக்கும் கம்பெனியே நிறுவித் தருவது ஒன்று; தனியே விலைக்கு வாங்குவது மற்றொன்று. முன்னது மலிவானது, ஆயின் முதல் இயந்திரத்தோடு கட்டுண்டது. 2012இல் வெளிவந்த விண்டோஸ் 8 முதற்கொண்டு இதன் திறவெண் பலகையிலுள்ள நினைவகச் சில்லிலேயே பதிக்கப்பெறுகிறது. பின்னதையோ, பழைய கணினியினின்றும் நீக்கிவிட்டுப் புதியதில் நிறுவிக்கொள்ளலாம். விண்டோஸ் 10, 11 ஆகியவற்றில் இவ்வுரிமத்தை மைக்ரோசாப்ட் கணக்கொன்றுடன் முன்னதாகவே இணைத்து வைத்திருந்தால், பலகை மாறிய பின்னரும் மீட்பது எளிது. இணைப்பதற்குச் சில நிமிஷங்களே ஆகும். பலகை எரிந்த பிறகு நினைத்துப் பயனில்லை. இவ்விரண்டில் எவ்வகை உரிமம் தரப்படுகிறது என்பதை விலைச்சீட்டிலேயே எழுதி வாங்குதல் நன்று.

இனி நியாயத்தைக் கவனிப்போம். கடையில் விற்கும் ஆயத்த மென்பொருள் ஒரு ‘சரக்கு’. ஆகவே விற்பனை வரிக்கு உட்பட்டது என்று டாடா கன்சல்டன்சி வழக்கில் 2004ஆம் ஆண்டு நமது உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. வரி செலுத்தும்போது சரக்காக இருந்த பொருள், வீடு வந்து சேர்ந்ததும் பெயர்க்கவொண்ணாத அனுமதிச்சீட்டாக மாறிவிடுவது விந்தையே. பெட்டி பழுதாயிற்று என்பதற்காக அதனுள் இருந்த அரிசியை யாரும் மறுபடி விலைக்கு வாங்குவதில்லை. காலவரையறையின்றி விற்கப்பட்ட மென்பொருள் உரிமத்தை, வாங்கியவர் தம் பிரதியை நீக்கிவிட்டுப் பிறருக்கு விற்கவும் செய்யலாம் என்று ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் 2012 ஜூலையில் யூஸ்டுசாப்ட் வழக்கில் கூறிற்று. நமது 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் காப்புப் பிரதி எடுத்துக்கொள்ள இடமளிக்கிறது. வாங்கிய உரிமத்தை வேறோர் இயந்திரத்துக்குப் பெயர்ப்பது பற்றி வெளிப்படையாக ஒன்றும் கூறவில்லை. அதைக் கூறுமாறு சட்டத்தைத் திருத்துவதே முறை என்பது எமது கருத்து.

கேரளத்துப் பள்ளிகள் இச்சிக்கலை வேறுவிதமாகத் தீர்த்துக்கொண்டன. 2001இல் தொடங்கி, 2017இல் ‘கைட்’ என்னும் அரசுக் கம்பெனியாக உருப்பெற்ற பள்ளிக் கணினித் திட்டம், இடைப்பட்ட ஆண்டுகளில் கட்டற்ற மென்பொருளுக்கு மாறிவிட்டது. பாலக்காட்டு ஜில்லாவின் சித்தூர் தாலுகாவிலும், இடுக்கியின் தேவிகுளம் தாலுகாவிலும் உள்ள தமிழ்வழிப் பள்ளிகளுக்கும் இதே லினக்ஸ் தளந்தான். அங்கே ஒரு பலகை எரிந்துபோனால், பழைய வட்டைக் கழற்றி வேறொரு கணினியில் பொருத்திவிடலாம். பெரும்பாலும் அவ்வாறே இயங்கும். எவருடைய அனுமதியும் தேவையில்லை.

வணிகர் யாவரும் நாளையே லினக்ஸுக்கு மாறிவிட வேண்டுமென்று நாம் கூறவில்லை. கடைக்காரரின் அன்றாடக் கணக்கெழுதும் டாலி மென்பொருள் விண்டோஸுக்கென்றே அமைந்தது. ஆனால் பொதுப்பணத்தில் வாங்கும் அலுவலகங்களின் நிலை வேறு. திறந்த மூல மென்பொருளுக்கு முன்னுரிமை தரும் கொள்கையை மத்திய அரசு 2015இலேயே வெளியிட்டிருக்கிறது. விண்டோஸ் 10க்குரிய பொது ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் நாள் முடிவுற்றது. விண்டோஸ் 11 வேண்டும் ‘டி.பி.எம். 2.0’ என்னும் பாதுகாப்பு அமைப்பு இல்லாத பழைய கணினிகள் பலவற்றை அலுவலகங்கள் மாற்ற நேரிடும். புதியவற்றுக்கு விலைப்புள்ளி கோரும்போது, லினக்ஸ் தளத்துடன் ஒரு விலையும், வேறு கணினிக்கு மாற்றத்தக்க உரிமத்துடன் ஒரு விலையும், மாற்றவியலாத உரிமத்துடன் ஒரு விலையும் தனித்தனியே கேட்கப்படட்டும். இம்மூன்றையும் அருகருகே வைத்துப் பார்த்த பின் கையொப்பமிடலாம்.