பூட்டிய அறையைத் திறப்போம்

சென்ற பொங்கல் விடுமுறையில் எங்கள் வகுப்பு மாணவியர் பலரும் தொலைக்காட்சியில் 'சந்திரமுகி' திரைப்படத்தைப் பார்த்தோம். 2005ஆம் ஆண்டு, நாங்கள் பிறப்பதற்கு முன்னரே வெளிவந்த படம் அது. ஆயினும் அதைப் பாராத வீடு புள்ளலூரில் இல்லை எனலாம். பள்ளி திறந்த அன்று மதிய உணவு வேளையில் வேப்பமர நிழலில் அமர்ந்து அதைப் பற்றியே பேசினோம். ஒருத்தி கண்களை உருட்டி நடித்துக் காட்ட, மற்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். எங்களுள் சற்றே கோபக்காரியான ஒருத்திக்குச் 'சந்திரமுகி' என்று பட்டமும் சூட்டினோம்.

ஒருத்தி மட்டும் சிரிக்கவில்லை. ஏன் என்று கேட்டோம். "எங்க வீட்டிலயும் பூட்டுன அறை ஒண்ணு இருந்துச்சு. உள்ளே எங்க அத்தை இருந்தாங்க" என்றாள். அதன்பின் எங்களுக்குச் சோறு இறங்கவில்லை. அவளுடைய இசைவுடன், பெயரை மட்டும் விடுத்து, இக்கட்டுரையை எழுதுகிறோம்.

முதலில் படத்தைப் பற்றிச் சில சொற்கள். இக்கதை முதன்முதலில் 1993ஆம் ஆண்டு மலையாளத்தில் 'மணிச்சித்திரத்தாழ்' என்னும் பெயரில் வெளிவந்தது. மது முட்டம் எழுத, பாசில் இயக்கினார். பழைய குடும்ப மாளிகை ஒன்றில் பூட்டிய அறை. அதனுள் தஞ்சையிலிருந்து கொண்டுவரப்பட்டு மாண்ட நடன மங்கையின் நினைவு. அவ்வீட்டு மருமகள் கங்கை அந்த அறையைத் திறக்கிறாள்; நாளடைவில் தன்னையே அந்நடன மங்கையாக எண்ணத் தொடங்குகிறாள். கங்கையாக நடித்த ஷோபனா சிறந்த நடிகைக்கான தேசிய விருது பெற்றார். இக்கதையைப் பி. வாசு கன்னடத்திலும் பின்னர் தமிழிலும் எடுத்தார். தமிழில் கங்காவாக ஜோதிகாவும், மருத்துவராக ரஜினிகாந்தும் நடித்தனர்.

இப்படம் செய்த நன்மையை நாங்கள் மறுக்கவில்லை. ஊரே பேய் என்று அஞ்சும்போது, "இது நோய்" என்று சொல்ல ஒரு மனநல மருத்துவர் வருகிறார். அவரே கதையின் நாயகர். கங்காவின் கணவரும் அவளை வெறுத்து ஒதுக்கவில்லை. பேயோட்டுபவரைத் தேடி ஓடும் நாட்டில், கோடிக்கணக்கான மக்களுக்கு இதைச் சொன்னது சிறிய செயலன்று.

ஆனால் குறையும் உண்டு. நோயாளியைக் கண்டு நாம் அஞ்சும்படியே படம் அவளைக் காட்டுகிறது. பல மாத மருத்துவம் வேண்டிய நோய், மேளமும் நெருப்பும் சூழ ஒரே இரவில் தீர்ந்துவிடுகிறது. 2023ஆம் ஆண்டு வந்த இரண்டாம் பாகத்திலோ நோயும் போய், உண்மையான ஆவியே வந்துவிட்டது. முன்னே எடுத்துவைத்த ஓரடியும் வீணாயிற்று அல்லவா?

இனி எங்கள் தோழியின் வீட்டுக்கு வருவோம். அவளுடைய அத்தைக்கு 25 வயதில், யாரும் இல்லாதபோதும் காதில் குரல்கள் கேட்டன. தாயத்துக் கட்டினார்கள், வேப்பிலை அடித்தார்கள், ஊர் ஊராக அழைத்துச் சென்றார்கள். தோழியின் அக்காவைப் பெண் பார்க்க வந்த அன்று, அத்தையைப் பின்கட்டு அறையில் வைத்துப் பூட்டினார்கள். "அந்தக் குடும்பத்தில் பைத்தியம் உண்டு" என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே என்ற அச்சம்! உள்ளிருந்து அத்தை கதவைத் தட்டிய ஓசை வெளியே கேட்காதிருக்க, வானொலியை உரக்க வைத்தார்களாம். அப்போது எங்கள் தோழிக்கு வயது 9. அன்று முதல் அவள் மனத்தில் ஒரே கேள்வி: "எனக்கும் இது வருமோ?"

இக்கேள்விக்கு விடை சொல்லாமல் அவளைத் தனியே அழவிட்டதுதான் பெருங்குற்றம் என்போம். மனச்சிதைவு நோய் ஓரளவு பரம்பரையைச் சார்ந்தது உண்மையே. ஆயினும் தாய் தந்தையருள் ஒருவருக்கு அந்நோய் இருந்தாலும், பிள்ளைக்கு வரும் வாய்ப்பு ஏறத்தாழ நூற்றுக்கு 10 தான் என்று மருத்துவ நூல்கள் கூறுகின்றன. அத்தைக்கு இருந்தால் அதனினும் குறைவு. இது சாபமும் அன்று, தலைவிதியும் அன்று. பரம்பரையாகத் தவறாமல் வருவது நோயன்று. அதை மூடி மறைக்கும் வழக்கமே.

எங்கள் ஊர் வயல்வெளியில் பழைய போரின் நினைவுத் தூண்கள் நிற்கின்றன. 1780 செப்டம்பர் 10ஆம் நாள் ஹைதர் அலி, திப்பு சுல்தான் ஆகியோரின் படைகள் ஆங்கிலேயத் தளபதி பெய்லியை இம்மண்ணில் தோற்கடித்தன. அதை வெளியூராருக்குப் பெருமையுடன் காட்டும் நாம், நம் வீட்டில் நேற்று நடந்ததை மறைப்பது ஏன்?

மறைப்பதன் விலை பெரிது. 2001 ஆகஸ்டு 6ஆம் நாள் இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், மனநோயாளர் தங்கியிருந்த கூரைக் கொட்டகை தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்ததால் ஓட இயலாமல் 28 பேர் மாண்டனர். கோவிலானாலும் தர்காவானாலும் மாதா ஆலயமானாலும், மன்றாட்டு மனத்துக்குத் தெம்பு தரும். ஆனால் மருந்தை விலக்கச் சொல்வது மன்றாட்டு ஆகாது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், நோயாளியைச் சங்கிலியால் பிணைப்பதைத் தடை செய்திருக்கிறது.

வழி இல்லாமலும் இல்லை. சென்னைக் கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையின் வரலாறு 1794இல் தொடங்குகிறது. அங்கே நெடுங்காலம் பணியாற்றிய மருத்துவர் சாரதா மேனன், மனச்சிதைவு நோயாளரின் மறுவாழ்வுக்கென 1984இல் 'ஸ்கார்ஃப்' நிறுவனத்தைத் தொடங்கினார். இன்று மாவட்ட அரசு மருத்துவமனையிலேயே மனநல மருத்துவரைக் காணலாம். 14416 என்ற எண்ணில் கட்டணமின்றித் தமிழிலேயே ஆலோசனை பெறலாம்.

எங்கள் தோழியின் அத்தையையும் இறுதியில் அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றார்கள். ஒரே இரவில் குணமாகவில்லை. மாத்திரைகளுடன் இரண்டு ஆண்டுகள் ஆயின. இன்று காலையில் இட்லி வார்ப்பதும், தோழிக்குத் தலை பின்னிவிடுவதும் அந்த அத்தைதான். மாத்திரையை இன்றும் விடவில்லை. அந்த அறையில் இப்போது நெல் மூட்டைகள் இருக்கின்றன. கதவுக்குப் பூட்டு இல்லை.

பெற்றோர்களே, பெண் பார்க்க வருபவர்களுக்கு அஞ்சி உங்கள் உடன்பிறந்தாளைப் பூட்டி வைக்காதீர்கள். நாளை எங்களுள் ஒருத்திக்கு அந்நோய் வந்தால், எங்களையும் பூட்டுவீர்களோ என்று அஞ்சுகிறோம். மகளிடம் உண்மையைச் சொல்லுங்கள், அவள் தாங்குவாள்.

தோழியரே, அந்தப் பட்டப்பெயரை நாங்கள் விட்டுவிட்டோம். நீங்களும் விடுங்கள். இவ்வாண்டு விளையாட்டு விழாவுக்கு அத்தை வந்திருந்தார்கள். நாங்கள் சென்று வணக்கம் சொன்னோம். எங்களுள் யார் ஓட்டத்தில் முதலாவதாக வந்தது என்று கேட்டு, அவளுடைய கன்னத்தைக் கிள்ளி மகிழ்ந்தார்கள்.