யார் எழுதிய வரி?

எங்கள் புராஜெக்ட் குழுவில் நாலு பேர். ரிவ்யூவுக்கு முதல் நாள் ராத்திரி, பைத்தான் ஃபைல்கள் அத்தனையையும் 'பிளாக்' ஃபார்மேட்டரில் ஓட்டினேன். கூடவே கட்டணக் கணக்கில் சின்னதாய் ஒரு திருத்தம். இரண்டையும் ஒரே கமிட்டாகப் போட்டேன். அங்கேதான் வந்தது வினை! காலையில் கணக்கு உதைத்தது. 'கிட் பிளேம்' போட்டால் பக்கம் பக்கமாக என் பெயர்! "எல்லாத்தையும் நீயேவாடா எழுதினே?" என்று சிரித்தார்கள். மூன்று பேருடைய ஆறு மாத உழைப்பு ஒரே ராத்திரியில் என் பெயருக்கு மாறியிருந்தது.

"ஃபார்மேட்டரே வேண்டாம்ப்பா" என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஜாங்கோ குழு 2022 பிப்ரவரியில் தன் கோடு முழுவதையும் பிளாக்கில் ஓட்டியதே! ஆனால் அதை மட்டும் தனிக் கமிட்டாகப் போட்டு, அதன் எண்ணை '.கிட்-பிளேம்-இக்னோர்-ரெவ்ஸ்' என்ற ஃபைலில் குறித்து வைத்தார்கள். 2019-இல் வந்த கிட் 2.23 முதல் இந்த வசதி உண்டு. அந்த ஃபைலைக் காட்டிவிட்டால் பிளேம் அந்தக் கமிட்டைத் தாண்டிப் போய், பெரும்பாலும் பழைய ஆளையே சொல்லும். அவரவர் மெஷினில் ஒருமுறை செட் பண்ணணும், அவ்வளவுதான். ரீபேஸ் செய்தால் 40 எழுத்து எண் மாறிவிடும். அதனால் மெயினில் சேர்ந்த பிறகே குறிக்கணும்.

என் கமிட்டை அப்படிக் குறிக்கவும் வழியில்லை. குறித்தால், நான் செய்த தப்பு அந்த வரியை முதலில் எழுதிய நண்பன் தலையில் விழும்!